தகடு, பட்டி, வண்ணம்: காரை வீட்டிலேயே சீராக்க முடியுமா?

காரின் கதவில் கை வைத்தால் விரலில் படுவது இரும்பு என்று நினைக்கிறோம். படுவது நிறமில்லாத ஒரு மேற்பூச்சு. தொழிலில் அதை 'கிளியர்' என்பார்கள். அதற்குக் கீழே நிறம். நிறத்துக்குக் கீழே பிரைமர். அதற்கும் கீழே, தொழிற்சாலையில் வண்டியின் கூட்டை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு. நான்கும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இவற்றைச் சுமக்கிற எஃகுத் தகடு இன்றைய கார்களில் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர். அடுக்ககத் தூணில் உரசியது, சந்தில் பைக் கைப்பிடி இழுத்த கோடு, கடலோர ஊரில் சக்கர வளைவின் ஓரம் பொரிந்து நிற்கும் துரு, எல்லாமே இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கிற சங்கதிகள்.

இவற்றை வீட்டிலேயே சரிசெய்துகொள்ள முடியுமா? கேட்கிற ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். இருபது வருடம் சுத்தியல் பிடித்த டிங்கர் சிரிப்பார். பெயின்ட் டப்பாவின் லேபிள், தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எச்சரிக்கும். கைவேலையில் ருசி கண்ட நண்பர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூவரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். 'டிங்கரிங் பெயின்டிங்' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஒடுக்கெடுப்பது, பட்டி பார்ப்பது, துரு களைவது, தேய்ப்பது, வண்ணம் அடிப்பது என ஐந்து தொழில்கள் இருக்கின்றன. தனித்தனியாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பட்டறையிடம் கருவி உண்டு, நேரம் கிடையாது. வீட்டுக்காரரிடம் நேரம் உண்டு, கருவி கிடையாது. நேரத்தைக் கொடுத்து முடிகிற வேலை எதுவும் வீட்டில் ஆகும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக வந்த வேதிப்பொருள்கள்தாம் வீட்டுக்கு ஆகாதவை.

தகடு மடங்கும் விதம்

எஃகுத் தகட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் அப்படியே நின்றுவிடும். நின்ற இடம் முன்பைவிடக் கெட்டியாகவும் ஆகிவிடும். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்; முறிவதற்கு முன் அந்த இடம் விறைத்துக்கொள்ளும். ஒடுக்கிலும் இதுதான் நடக்கிறது. குழியின் நடுப்பகுதி பெரும்பாலும் இழுபட்டுப் பின்னால் போனது மட்டுமே. உண்மையில் மடங்கி இறுகிப்போனது குழியைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பு.

புதிதாகச் சுத்தியல் எடுப்பவர் செய்யும் முதல் தவறு, குழியின் ஆழமான இடத்தைப் பின்புறமிருந்து ஓங்கி அடிப்பது. விளிம்பு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தகடு மெலிந்து விரிகிறது. விரிந்த தகட்டுக்கு இருக்க இடமில்லை. எண்ணெய் டின்னின் அடியை அழுத்தியதுபோல 'டொப்' என்று உள்ளே போகும், வெளியே வரும், எந்தப் பக்கமும் நிற்காது. கைதேர்ந்த டிங்கர் வேறு வரிசையில் போவார். கடைசியாக மடங்கிய இடத்தை முதலில் நிமிர்த்துவார். குழிக்குப் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்து, வெளியே எழும்பி நிற்கும் விளிம்பைச் சிறு சிறு தட்டாகத் தட்டுவார். ஏற்கெனவே விரிந்துபோன தகடு என்றால் காசளவு இடத்தை கேஸ் தீயில் சிவக்கவைத்து, தட்டி, ஈரத்துணியால் குளிரவைத்துச் சுருக்குவார். தட்டுகிற வேலையைப் பொறுமையிருந்தால் வீட்டில் பழகலாம். தீ வைக்கும் வேலை கூடாது. தகட்டுக்குப் பின்னால் ஒயரும், பஞ்சும், சில இடங்களில் பெட்ரோல் குழாயும் இருக்கின்றன.

வண்ணம் உடையாத ஒடுக்கு என்றால் கணக்கே வேறு. தொழிற்சாலையில் சுட்டெடுத்த பூச்சுக்கு ஈடான பூச்சை எந்தப் பட்டறையாலும் திரும்பத் தர முடியாது. அதனால் வண்ணத்தைத் தொடாமல் ஒடுக்கை மட்டும் எடுக்கும் முறைக்கே முதலிடம். உட்புறமிருந்து நீண்ட கம்பிகளால் மெல்ல நெம்பும் அந்தக் கலைக்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். வெளியிலிருந்து பசையால் ஒட்டி இழுக்கும் எளிய வகை, கூர்மடிப்பு இல்லாத ஆழங்குறைந்த குழிகளுக்கு வீட்டிலும் உதவும். முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி ஐஸ் வைத்தால் ஒடுக்கு குதித்து வெளியே வரும் என்பதை எஃகுத் தகட்டில் நம்பவேண்டாம். மடிந்து இறுகிய விளிம்பை அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் பம்பரில் கொதிநீர் ஊற்றிப் பின்புறமிருந்து தள்ளுவது வேறு கதை. பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சூட்டில் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும்.

பட்டியின் மேல் விழும் பழி

ஒடுக்கை எவ்வளவு எடுத்தாலும் உள்ளங்கைக்குத் தட்டுப்படும் சிறு மேடுபள்ளம் மிஞ்சும். அதை நிரப்ப ஒரு காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கிப் பூசினார்கள். 1950களில் பாலியஸ்டர் பிசினும் டால்க் மாவும் கலந்த பட்டி சந்தைக்கு வந்தது. இன்று பட்டறைகளில் புழங்குவது அதன் வாரிசுகள்தாம். 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் ஹார்டனர். குழைத்ததும் இறுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போட்டால், அதில் மிஞ்சிய பெராக்சைடு மேலே ஏறி, அடித்த வண்ணத்தில் கறையாகத் தெரியும்.

பட்டி என்றாலே ஏமாற்று வேலை என்ற பேச்சு உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பார்ப்பது அதனால்தான்: பட்டி தடித்த இடத்தில் காந்தம் பிடி தளரும். பட்டியின் மேல் இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமில்லை. 2, 3 மில்லிமீட்டருக்குள், சுரண்டிச் சுத்தமாக்கிய தகட்டின் மேல் நின்றால் அது வருடக்கணக்கில் நிற்கும். ஒடுக்கை எடுக்காமல் விரற்கடைக் கனத்துக்கு அப்பினால் வெடிக்கத்தான் செய்யும்.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் இன்னொன்று. பாலியஸ்டர் பட்டி நுண்துளைகள் உள்ளது; தண்ணீரை உறிஞ்சும். நம் தெருப் பட்டறைகளில் பட்டியின் மேல் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் போடுவது சகஜம். தூசு பறக்காது, தாள் அடைக்காது, வேலை வேகமாக நகரும். உறிஞ்சிய ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மேலே பிரைமர் ஏறிவிட்டால், அந்த ஈரம் தகட்டோடு சேர்ந்து சிறைப்படுகிறது. சில மாதங்களில் வண்ணத்தில் கொப்புளம். 'பட்டி சரியில்லை' என்பார்கள். சரியில்லாமல் போனது அவசரம்தான். வீட்டில் செய்கிறவருக்கு அவசரம் இல்லை. மூக்கில் தூசிக் கவசம் கட்டிக்கொண்டு பட்டியைக் காய்ந்தபடியே தேய்க்கலாம். தண்ணீர் பிரைமருக்கு மேலே போதும்.

தேய்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெறும் விரலால் உப்புத்தாளைத் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். பள்ளம் பள்ளமாகவே பளபளக்கும். தாளை நேரான மரக்கட்டையில் சுற்றிக் குறுக்குமறுக்காகத் தேய்க்க வேண்டும். 80 எண்ணில் தொடங்கி 180, 320 என்று ஏறி, பிரைமருக்குப் பிறகு 400, 600. பிரைமரின் மேல் கறுப்பு வண்ணத்தைத் தூவலாக அடித்துத் தேய்த்தால் மேட்டில் கறுப்பு அழியும், பள்ளத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத தவறுகளை அது காட்டிக்கொடுக்கும். கருவிச் செலவு மரக்கட்டையும் தாளும், மற்றதெல்லாம் மணிக்கணக்கு. அதனால் இந்த ஐந்து தொழில்களில் வீட்டுக்கு மிகப் பொருந்தியது இதுதான். நல்ல பட்டறையில் நேரம் பெரும்பாலும் செலவாவதும் இங்கேதான்; வண்ணம் அடிப்பது கடைசி அரைமணிக் கூத்து.

ஓர் எச்சரிக்கை. 1950, 60களின் கார்களில் தகட்டு இணைப்புகளை ஈயத்தால் நிரப்பியிருக்கலாம். பழைய மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் ஈயக் குரோமேட் இருந்திருக்கலாம். அத்தகைய பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்ப்பது, குழந்தைகள் தவழும் வீட்டு வாசலில் ஈயத்தூசி தூவுவதற்குச் சமம்.

துருவும் கடுக்காயும்

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்காகிறது. வண்ணத்துக்கு அடியில் அது தொடங்கினால் வண்ணத்தை நெம்பித் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். பொட்டுப்போல் ஒரு கொப்புளம் தெரிந்தால், அடியில் அதைவிடப் பெரிய வட்டம் அரித்திருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் வரும் உப்பு இதை வேகப்படுத்துகிறது.

கடையில் கிடைக்கும் துரு மாற்றித் திரவங்கள் இரண்டு அமிலங்களை நம்புகின்றன. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக்குகிறது. டானிக் அமிலம் அதைக் கருநிற இரும்பு டானேட்டாக்குகிறது. இரண்டாவது வேதியியல் நமக்குப் புதிதில்லை. கலம்காரித் துணியின் கறுப்பு இப்படித்தான் பிறக்கிறது: கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியின் மேல், வெல்லத்தோடு ஊறவைத்த இரும்பு நீரால் எழுதியதும் கோடு கறுக்கும். கடுக்காயின் டானினும் இரும்பும் கூடியதன் விளைவு அது.

இந்தத் திரவங்களுக்கு எல்லை உண்டு. கம்பித் தூரிகையால் சுரண்டியபின் தகட்டின் குழிகளில் மிஞ்சும் மெல்லிய துருவை அவை கட்டிப்போடும். பொருக்காக எழும்பிய துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுத்து, உள்ளே அரிப்பு தொடரும். ஓட்டை விழுந்த இடத்துக்கு மருந்தே கிடையாது. வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். ஓட்டையில் கம்பிவலை வைத்துப் பட்டி பூசுவது விற்கப்போகிற வண்டிக்குச் செய்யும் அலங்காரம். சுத்தமான தகட்டை அன்றே எபாக்ஸி பிரைமரால் மூடிவிட வேண்டும். ஓர் இரவு விட்டால் மறுநாள் மஞ்சள் படிந்திருக்கும். சிறு இடங்களுக்கு அந்தப் பிரைமரைத் தூரிகையால் தடவினாலும் போதும்.

வாரங்கள் மணிகளான வரலாறு

இனி வண்ணம். வீட்டு வேலையின் சிக்கல் தொடங்குவது இங்கேதான். அதைப் புரிந்துகொள்ள நூறு ஆண்டு பின்னால் போகவேண்டும்.

கார்கள் பிறந்தபோது அவற்றுக்குக் குதிரைவண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் வண்ணங்களையே பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் நாட்கணக்கில் காயவேண்டும். தேய்த்து மறுபடி பூசவேண்டும். ஒரு வண்டி முடிய வாரங்கள் ஆகும். ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் விற்றது. விரைந்து தயாராகும் ஒரே நிறத்தோடு நிற்பது பேரளவு உற்பத்திக்குத் தோதாக இருந்தது. இந்த முட்டுக்கட்டையை உடைத்தது டூபாண்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ஜெனரல் மோட்டார்ஸ் 1923இல் தன் ஓக்லாண்டு கார்களில் அதை நீல நிறத்தில் அடித்துக் காட்டியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் தெருப் பட்டறைகளில் 'என்.சி.' என்று சொல்வது இதே வகைதான். தின்னர் ஆவியானால் போதும், காய்ந்துவிடும். விலை தீயாக வந்தது: துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிபொருளின் நெருங்கிய உறவு இந்த நைட்ரோசெல்லுலோஸ். தின்னர் ஆவியும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

லாக்கரை அடிக்கத் தெளிப்புத் துப்பாக்கி வேண்டும். அதன் பிறப்பில் ஒரு விநோதம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டொலீடோவில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிறு தெளிப்பானைச் செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதே தத்துவத்தில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தொண்டையை ஆற்றப் பிறந்த கருவி, பின்னால் நெஞ்சை அரிக்கும் ஒன்றைத் தெளிக்கப்போகிறது என்று தந்தையும் மகனும் நினைத்திருக்க வழியில்லை.

1930களில் ஆல்கிட் எனாமல்கள் வந்தன. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழு பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்தது. சில பத்தாண்டுகளில் அது கார் பட்டறைக்கு 'டூ-கே' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. ஒரு டப்பாவில் வண்ணமோ கிளியரோ, இன்னொன்றில் ஹார்டனர்.

ஏன் இரண்டு டப்பா?

தொழிற்சாலையில் கூடு மட்டும் அடுப்புக்குள் போகிறது. துருத்தடுப்புப் பூச்சு சுமார் 180 பாகை செல்சியசில் சுடப்படுகிறது. மேற்பூச்சு சுமார் 140 பாகையில். அந்தச் சூட்டில் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுகின்றன. ஒயர், இருக்கை, பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய வண்டியை மறுபடி அப்படிச் சுட முடியாது. பட்டறையில் வண்ணம் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் 60 பாகைதான் எல்லை. சூட்டால் ஆகாததை வேதிப்பொருளால் செய்யவேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஹார்டனர், அதன் உயிர்நாடி ஐசோசயனேட்.

அந்தப் பெயர் இந்தியக் காதுக்குப் பழக்கமானது. 1984இல் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பெயின்டில் இருப்பது அதே குடும்பம், குணம் வேறு: எளிதில் ஆவியாகாதது. திறந்த டப்பா அருகில் நிற்பது பெரிய ஆபத்தாகத் தோன்றாது. துப்பாக்கியில் ஏறியதும் கதை மாறுகிறது. காற்று அதைக் கண்ணுக்குத் தெரியாத பனித்துளிகளாக உடைக்கிறது. துளிகள் நுரையீரல்வரை போகின்றன. சிலருக்கு உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. பதிந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும்; அந்தத் தொழிலே முடிந்துபோகும். வாகனங்களுக்கு வண்ணம் தெளிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளர்களைவிடச் சுமார் 80 மடங்கு என்று பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய பிறகும் மூக்குக்கு வாசனை தெரியாது. வடிகட்டிக் கவசம் செயலிழந்தாலும் தெரியாது. அதனால்தான் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடியை அங்கே கட்டாயமாகக் கேட்கிறார்கள். அடித்து முடித்ததும் 'எப்படி வந்திருக்கு' என்று முகமூடியைத் தூக்கிப் பார்க்கும் அந்த நொடியும் ஆபத்தானது. பனி இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

சட்டங்கள் இந்த வேலையை எப்படிப் பார்க்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டை-ஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் கொண்டுவந்த விதி, பட்டறைகளிடம் வடிகட்டி உள்ள பூத்தும் பயிற்சியும் கேட்கிறது. தன் சொந்த வண்டிக்குத் தானே அடித்துக்கொள்கிறவரை விட்டுவிடுகிறது. இரண்டும் கூலியைப் பார்த்தே கோடு கிழிக்கின்றன. நுரையீரல் கூலி கேட்டுக் கெடுவதில்லை. எனவே சட்டம் தடுக்கவில்லை என்பதை அனுமதி என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், மேலே ஜன்னல் திறந்து கிடக்க, டூ-கே கிளியர் அடிப்பது தனக்கும் பிறருக்கும் செய்யும் தீங்கு. அடிப்பாகத்துப் பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலந்துகொள்ளும் டூ-கே ஸ்ப்ரே டப்பாக்கள் வந்துவிட்டன. டப்பா சின்னது, உள்ளிருப்பது அதே ஐசோசயனேட்தான்.

மெதுவான வழிகள்

டூ-கே இல்லாமல் என்ன செய்யலாம்? நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கூண்டு கட்டும் இடங்களில் இதற்கு ஒரு பதில் கண்ணெதிரே இருக்கிறது. எனாமலைத் தூரிகையால் பூசுவது. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பழைய வண்டிகளைச் சீராக்குவோரில் சிலர், நீர்க்கக் கரைத்த ஆல்கிட் எனாமலை ஸ்பாஞ்சு ரோலரால் பல பூச்சுகளாக உருட்டி, இடையிடையே வாட்டர் பேப்பர் போட்டு, கடைசியில் ரப்பிங் செய்து ஆச்சரியப்படும் பளபளப்பை எட்டியிருக்கிறார்கள். பூச்சுக்கு ஒரு நாள் வீதம் இரண்டு வாரம். பனித்துளி பறக்காது. மெட்டாலிக் நிறத்துக்கு இது உதவாது. வெள்ளைபோன்ற ஒற்றை நிறத்துக்கு, ஜீப்புக்கு, வேலைக்கு ஓடும் வண்டிக்கு நன்றாகவே உதவும்.

ஒற்றைக் கூறு ஸ்ப்ரே டப்பாக்கள் கீறலுக்கும் கைப்பிடியளவு இடத்துக்கும் போதும். பெட்ரோல் சிந்தினால் இளகும், வெயிலில் சீக்கிரம் மங்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆவி கவசமும் திறந்த வெளியும் இதற்கும் தேவை. அருகில் அடுப்போ மோட்டாரோ இருக்கக் கூடாது.

பழைய பூச்சு எது என்று அறிய, தின்னர் நனைத்த துணியால் மறைவான இடத்தில் தேய்க்கலாம். நிறம் துணியில் ஏறினால் அது லாக்கர். அதன் மேல் காட்டமான தின்னரோடு டூ-கே அடித்தால் தோல் சுருங்கியதுபோல் எழும்பும். கீறலுக்குப் பற்பசை தேய்ப்பவர்களுக்கும் ஒரு சோதனை: ஈரப்படுத்தினால் கீறல் மறைகிறதா? மறைந்தால் அது கிளியரில்தான் இருக்கிறது, ரப்பிங் பாலிஷ் போதும். நகம் மாட்டினால் எந்தப் பசையும் ஆற்றாது.

மாதமும் நிறமும்

வண்ணம் அடிக்க நம் ஊரில் நாள் பார்க்கத்தான் வேண்டும். தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, லாக்கர் பால்போல் வெளுக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை ஆகாது. மார்கழிக் காலைப் பனியும் ஆகாது. ஆடிக் காற்று தெருப்புழுதியை ஈரப் பூச்சில் ஒட்டிவைக்கும். சித்திரை, வைகாசியில் சூடேறிய தகட்டில் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய தின்னர் ஊசிப்புள்ளிகளாக வெடித்து வெளியேறும். மிஞ்சுவது தை, மாசி. பனி விலகி வெயில் ஏறாத ஒன்பது மணிவாக்கில், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத் தொடங்கலாம்.

நிறப் பொருத்தம் தனிப் படிப்பு. வண்டியில் ஒட்டியிருக்கும் வண்ண எண் தொடக்கம்தான். ஐந்து வருட வெயிலை அந்த எண் அறியாது. மெட்டாலிக்கில் அலுமினியத் துகள்கள் எந்தக் கோணத்தில் படுக்கின்றன என்பதே நிறத்தை மாற்றும்: ஈரமாக அடித்தால் ஒரு சாயல், காய்ந்த தூவலாக அடித்தால் இன்னொன்று. எவ்வளவு தேர்ந்தவரும் கதவை மட்டும் தனியாகப் பொருத்திவிட முடியாது. அதனால் நிறத்தைப் பக்கத்துத் தகட்டிலும் மெல்லக் கரையவிட்டு, கிளியரை முழுத் தகட்டுக்கும் அடிப்பார்கள். வீட்டில் மெட்டாலிக்கைத் தொடவேண்டாம் என்பதற்கு ஆரோக்கியத்துக்கு அடுத்த காரணம் இது.

காப்பீடும் சட்டமும்

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றாவதாக நிற்பது காப்பீடு. சாதாரண பாலிசியில் பம்பர்போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். வண்ணப் பொருளுக்கும் அப்படியே. பொருளும் கூலியும் பிரிக்காத பில் என்றால் பெயின்டிங் தொகையில் 25 சதவீதம் பொருள் என்று கொள்வார்கள். பெரிய இழப்பு, கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸில்தான். சொந்த சேதப் பிரீமியம் ரூ.10,000 என்றும் அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் ரூ.5,000 கட்டி வந்தவர் ஒரு கிளெய்ம் செய்தால் தள்ளுபடி பூச்சியத்துக்குப் போய், 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50க்கு வரும். அந்த ஐந்து ஆண்டில் அவர் கூடுதலாகக் கட்டுவது ரூ.12,500. ஒரு கதவு ஒடுக்குக்குக் காப்பீட்டை எழுப்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நிறத்தையே மாற்ற நினைப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையை மற்றவர் தங்கள் காருக்கு அடிக்க மோட்டார் வாகன விதிகள் இடம் தருவதில்லை.

கை வைக்கக் கூடாதவை

கதவு, பானெட், மட்கார்டு, டிக்கி மூடி ஆகியவை கழற்றி மாட்டும் பாகங்கள். பிழைத்தால் அழகுதான் கெடும். கதவுத் தூண், கதவுக்குக் கீழே ஓடும் படித்தகடு, சேஸிஸ் நீட்டங்கள் அப்படியல்ல. இன்றைய கார்களில் அவை மிகு வலிமை எஃகு. சூடு காட்டினால் அந்த வலிமை போய்விடும். விபத்தில் ஆளைக் காக்க வேண்டிய இடம் மடங்கும். அலுமினியப் பாகங்களை எஃகு தேய்த்த தாளாலோ கம்பித் தூரிகையாலோ தொட்டால் ஒட்டிய இரும்புத் துகளே அரிப்பைத் தொடங்கிவைக்கும். பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் வண்டிகளில் அந்த இடத்தில் பட்டி பூசினால் ரேடாரின் பார்வை பிசகும்.

ஆக, ஒடுக்கைத் தட்டி எடுப்பது, துரு களைவது, பட்டி, தேய்ப்பு, எபாக்ஸி பிரைமரைத் தூரிகையால் தடவுவது வரை வீட்டில் ஆகும். ஒற்றை நிறமும் பழைய வண்டியும் என்றால் எனாமல் பூச்சும் ஆகும். மெட்டாலிக்கும் கிளியரும் வேண்டுமென்றால், தேய்த்துத் தயாரான வண்டியைப் பூத் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே நேர்வழி.

'பட்டறைக்கு' என்று எழுதும்போது ஒரு தயக்கம் வருகிறது. நம் ஊரில் எத்தனையோ பட்டறைகள் ஒரு தகரக் கூரையும் ஒரு கம்ப்ரசரும்தான். அங்கே டூ-கே அடிக்கும் இளைஞர் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. வீட்டில் அடிக்கப் பயந்து அங்கே கொண்டுபோய் விட்டால் நாம் தப்பித்தோம். அந்த நஞ்சு ஆள் மாறியது, அவ்வளவுதான். தேய்ப்பு வேலையை நாமே செய்ததில் மிஞ்சும் பணம், பூத் வாடகைக்குச் சரியாகப் போகும். எஸ்டிமேட் கேட்கும்போது கூலியையும் நிறத்தையும் பேசிவிட்டு இன்னொன்றையும் கேட்கலாம்: அடிக்கிறவருடைய முகமூடிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?